கண்புரை ஆபரேஷன்: பேக்கோவா, எஸ்.ஐ.சி.எஸ்ஸா, லேசரா?

புரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அடுத்து கவுன்சலர் மேசைக்கு அனுப்புவார்கள். அங்கே லேமினேட் செய்த ஓர் அட்டையில் பேக்கேஜ்கள் வரிசையாக இருக்கும். விலை ஏற ஏறப் பார்வையும் கூடும் என்று நினைக்க வைக்கும் அட்டை அது. உண்மையில் அதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன: புரையை எப்படி எடுப்பது, அந்த இடத்தில் எந்த லென்ஸை வைப்பது. இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் எடுக்கும் முறை. பேக்கோவில் கருவிழி ஓரத்தில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல்தான். அது வழியாக மெல்லிய ஊசி போன்ற முனை உள்ளே போய், கேளா ஒலி அதிர்வில் புரையை உடைத்து உறிஞ்சிவிடும். 1967-இல் சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்க டாக்டர் இதை முதன்முதலாகச் செய்தார். பல் டாக்டரின் கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனையே வந்தது. கீறல் சிறியது என்பதால், மடித்துச் செருகி உள்ளே விரியும் லென்ஸ் வைக்கலாம். புண் சீக்கிரம் ஆறும், சிலிண்டர் பவரும் (கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) அதிகம் வராது.

எஸ்.ஐ.சி.எஸ் என்றால் 'சிறு கீறல் புரை ஆபரேஷன்'. இதில் வெள்ளைவிழியில் 6, 7 மில்லிமீட்டருக்குச் சுரங்கம் போலச் சரிவாக வழி வெட்டி, புரையை முழுசாக வெளியே எடுப்பார்கள். சரிவான வெட்டு தானாகவே மூடிக்கொள்வதால் பெரும்பாலும் தையல் வேண்டியதில்லை. கேம்ப்களில் இலவசமாகச் செய்வதால் இதற்கு 'ஏழை ஆபரேஷன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அது நியாயமே இல்லை. நேபாளத்தில் இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பிலும் 98 சதவீதம் பேருக்கு, கண்ணாடி பவரோடு சேர்த்து, நல்ல பார்வை இருந்தது. எஸ்.ஐ.சி.எஸ்ஸுக்கு நேரமும் செலவும் குறைவு. முற்றிப் பழுப்பேறிய கல் போன்ற புரை என்றால், அதை பேக்கோவில் உடைக்க அதிர்வு அதிகம் தேவைப்படும். கருவிழியின் உள்பக்கச் செல்களுக்கு அது நல்லதல்ல. அந்த இடத்தில் எஸ்.ஐ.சி.எஸ்தான் பல நேரம் பத்திரமான வழி.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. அது அத்தனை லட்சம் பேருக்குப் பார்வை கொடுக்க முடிந்ததில் இந்த முறைக்கும், 1992-இல் தொடங்கிய ஆரோலேப் மலிவாகச் செய்த லென்ஸுக்கும் பெரும் பங்கு உண்டு.

லேசர்? முதல் சில வெட்டுகளையும், புரையைத் துண்டாக்கும் வேலையில் ஒரு பகுதியையும் மட்டும் லேசர் செய்யும். புரையை உறிஞ்ச எப்படியும் பேக்கோ வேண்டும். 2020-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் சாதாரண பேக்கோவைவிட இது மேல் என்று தெரியவில்லை, செலவுதான் கூடியது. என்னைக் கேட்டால், அட்டையில் முதலில் அடித்து நீக்க வேண்டிய வரி இதுதான்.

சரி, லென்ஸுக்கு வருவோம். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் கூடவே வாழப்போவது இதோடுதான். மோனோஃபோகல் ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும். வழக்கமாகத் தூரத்துக்கு வைப்பார்கள். பேப்பர் படிக்கவும் அரிசியில் கல் பொறுக்கவும் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். மல்டிஃபோகல் கிட்டத்தையும் தூரத்தையும் சேர்த்துச் சமாளிக்கும். ஆனால் வெளிச்சத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பதால் மங்கிய வெளிச்சத்தில் கொஞ்சம் சொதப்பும். இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரியும். ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டும். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்கும், கண் பிரஷரால் நரம்பு பாதித்தவர்களுக்கும் பொதுவாக இது வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். டோரிக் வேறு விஷயம். அது சிலிண்டர் பவரையும் சேர்த்துச் சரிசெய்யும் லென்ஸ்: முன்பே அந்த பவர் அதிகம் உள்ளவர்களுக்கு அது காசுக்குத் தகுந்த பலன் தரும்.

புரை முற்றும் வரை காத்திருக்கச் சொல்லும் பழைய வழக்கம் இன்னும் வீடுகளில் ஓடுகிறது. பேக்கோ வேண்டும் என்றால் முற்ற விடாமல் போவதே நல்லது. பெரும்பாலானவர்களுக்கு பேக்கோவும் மோனோஃபோகலும் போதும் என்பது என் கணிப்பு. புரை முற்றிவிட்டது, எஸ்.ஐ.சி.எஸ் செய்யலாம் என்று டாக்டர் சொன்னால், நம்மைத் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ண வேண்டாம்.

அப்புறம், எந்த முறையில் செய்தாலும் சில மாதமோ வருஷமோ கழித்துப் பார்வை மறுபடி மங்கலாம். புரை திரும்பி வந்துவிட்டது என்று பதற வேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு தடித்திருக்கும். யாக் என்ற வேறு வகை லேசரில் சில நிமிஷத்தில், கத்தி வைக்காமலே சரிசெய்துவிடுவார்கள்.