நீலப் பாய் கட்டிய பழைய ரேஸ் பாய்மரப் படகு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் பக்கம் யாராவது பழைய ரேஸ் போட் தேடிக்கொண்டிருந்தால் காசைக் கையில் எடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கள். கொழும்புப் பக்கத்தில் இருந்து ஒருவர், "அசல் கிளாசிக், அறுபதுகளில் கட்டினது, முழுக்கப் புதுப்பிச்சது, தண்ணியில இறக்கினா ஓடும்" என்று படங்கள் அனுப்பி விற்றுக்கொண்டு திரிகிறார். எங்களுக்கு என்டர்பிரைஸ் என்ற வகைப் பாய்மரப் படகு ஒன்றை விற்றதும் அவர்தான். விவகாரம் இன்னும் முடியாதபடியால் பெயர் போடவில்லை. படகைப் பற்றிச் சொல்லத் தடை ஒன்றும் இல்லை, அதைச் சொல்கிறேன்.

நாங்கள் கல்லடியில் வாவிக்கரையில் கூடுகிற ஒரு சின்னக் கூட்டம். ஒருவர் ஆசிரியர், ஒருவர் வங்கியில், ஒரு தம்பி போட் இஞ்சின் திருத்துகிறவர், நான் ஒரு கந்தோர்க்காரன். கொழும்பில் படிக்கும்போது பாய் இழுக்கப் பழகியவர்கள் இரண்டு பேர் இருக்கிறோம், மற்றவர்கள் எங்களைப் பார்த்துப் பழகியவர்கள். ஊரில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் சிலரும் பின்னேரம் வருவார்கள். எங்கள் வாவி நீளத்தில் பெரிசு, வடக்கே இருந்து கல்முனைப் பக்கம் வரைக்கும் போகும். ஆழம் மட்டும் கிடையாது. அடியில் ஈயமோ இரும்போ கட்டிய கீல் யாட் இங்கே சரிவராது. ஒருமுறை ஒருவர் டிராகன் ஒன்று இருக்கிறது என்று ஆசை காட்டினார். 1929இல் நோர்வேக்காரர் யோஹான் ஆங்கர் வரைந்த அழகான யாட், பல வருசம் ஒலிம்பிக்கில் ஓடியது, எல்லாம் சரி. ஆனால் அதற்கு 1.2 மீற்றர் தண்ணீர் வேண்டும். எங்கள் வாவியில் அதை ஓட்டுவதைவிட சேற்றில் இருந்து தள்ளுவதுதான் அதிகமாக இருந்திருக்கும்.

அதனால்தான் என்டர்பிரைஸ் என்றவுடன் எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956இல் வரைந்த வகை அது. நியூஸ் குரோனிக்கிள் என்ற பத்திரிகைதான் அதை முன்னுக்குக் கொண்டுவந்தது. அந்த வருசம் ஜனவரியில் இரண்டு படகுகளை இரவோடு இரவாக இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி ஓட்டிக் காட்டினார்கள். நீளம் 4.04 மீற்றர், வெறும் உடல் மட்டும் 90 கிலோ அளவில் வரும், இரண்டு பேர் போதும், நடுவில் தண்ணிக்குள் இறங்கி நிற்கிற சென்டர்போட் என்ற பலகையைத் தூக்கிவிட்டால் முழங்கால் தண்ணியிலும் கரைக்கு வரலாம். பாய் நீல நிறம், தூரத்தில் இருந்தே தெரியும். பிளைவூட் தகடுகளை மடிப்பு மடிப்பாகச் சட்டங்களில் ஒட்டி, ஸ்குரூ போட்டுக் கட்டுவது. நல்ல மரைன் பிளைவூட்டில் கட்டி ஒழுங்காகப் பார்த்தால் அறுபது வருசம் தாங்கும், அதில் பொய்யில்லை. அந்த உண்மையை வைத்துத்தான் இந்த மனிசன் வியாபாரம் செய்கிறார்.

கதை தை மாதம் தொடங்கியது. படத்தில் வாணிஸ் பளபளக்கிறது, வெள்ளை அடித்த உடலில் உங்கள் முகம் தெரியும். தொலைபேசியில் கேட்டோம்: மரத்தில் உக்கல் இருக்கா? "தம்பி, நான் போட்டிலேயே வளர்ந்தவன். மூண்டு வருசத்துக்கு முதல் முழுக்கப் பிரிச்சுக் கட்டினது, ஒவ்வொரு சீசனும் ஓடினது, ஒரு துளி தண்ணி உள்ளுக்கு வராது." கொழும்பில் இருக்கிற நண்பர் ஒருவரை நேரில் அனுப்பினோம். கொட்டகைக்குள் நீலத் தறப்பாள் ஒன்றின் கீழ் ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தாராம். புரட்டி அடிப்பக்கம் காட்டச் சொன்னதற்கு, "உங்களுக்காகக் கடைசிக் கோட் ஒண்டு அடிச்சிருக்கு, பெயின்ட் இன்னும் காயல்ல, புரட்டினா அடையாளம் விழும்" என்றாராம். நண்பர் தட்டிப் பார்க்கப் போனபோதும் அதே பதில். விலை 480,000 ரூபா. லொறிக் கூலி எங்களுடையது. தந்த பற்றுச்சீட்டில் "பாவித்த படகு ஒன்று, பாய்களுடன்" என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. முழு விபரமும் எழுதித் தரச் சொன்னதற்கு, கோப்பு வீட்டில் இருக்கிறது, தபாலில் வரும் என்றார். அந்தத் தபால் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

மாசி, பங்குனியில் காற்று இல்லை, வாவி கண்ணாடி. மெதுவாக ஓட்டிப் பார்த்தோம், ஓடியது. அடியில் கொஞ்சம் தண்ணி சேர்ந்தது. கேட்டதற்கு, "மரம் ஊறினா இறுகிரும்" என்றார். பலகை பலகையாகக் கட்டுகிற பழைய வள்ளத்துக்கு அது சரி. பிளைவூட் அப்படி ஊறி இறுகுகிற சாமான் இல்லை, ஊறினால் பிரிகிற சாமான்.

ஆனியில் கச்சான் பிடித்தது. கரையில் இருந்து வீசுகிற காற்று, சும்மா இருந்து திடீரென்று அறையும். வங்கி நண்பரும் உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒருவரும் படகில் இருந்தார்கள், நான் கரையில். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கிறுகிக்கொண்டிருக்கும்போது டொக் என்று ஒரு சத்தம், கரைக்கே கேட்டது. பாய்மரத்தைப் பக்கத்தில் இழுத்துப் பிடிக்கிற கம்பி கொளுவியிருந்த தகடு, தன் மூன்று ஸ்குரூவோடும் ஒரு துண்டு மரத்தோடும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பாய்மரம் மறுபக்கம் விழுந்தது, படகு அதோடு சரிந்தது. கவிழ்ந்தாலும் மிதக்க வைப்பதற்காகக் கட்டுகிற காற்றுப் பை இரண்டில் ஒன்றின் வாயில் பிசின் பூசி அடைத்திருந்தது, அது தண்ணீருக்குள்ளேயே காற்றைக் கக்கியது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. வீச்சுவலையோடு நின்ற அண்ணன் ஒருவர் தோணியைக் கொண்டுவந்து இருவரையும் ஏற்றினார். ஏற்றிவிட்டு, பிடுங்கி வந்த தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "என்ன மனே போட்டிது, கடுதாசியா?" என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்டது, அடுத்த கிழமை அப்படியே உண்மையாகிவிட்டது.

வாழைச்சேனைப் பக்கம் இருந்து ஓர் ஓடாவியாரைக் கூட்டி வந்தோம். ஆழ்கடல் போட்டுகள் கட்டியும் திருத்தியும் நரைத்த மனிசன். முதலில் ஒன்றும் கதைக்கவில்லை. படகைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு ரூபாக் குற்றியால் முன்னுக்கு இருந்து பின்னுக்குத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கிண் என்று கேட்கும், கூடாத இடத்தில் பொத் என்று செத்த சத்தம். சென்டர்போட் பெட்டியின் அடிக்கு வந்ததும் ஸ்குரூ டிரைவரைக் கேட்டார். அழுத்தவே இல்லை, சும்மா ஊன்றினார், கைபிடி வரைக்கும் போனது. இழுத்தபோது மண்ணிறத் தண்ணி வடிந்தது, பழைய கிணற்று மணம். "இது மரமில்ல மனே, பூட்டி" என்றார், ஓட்டை அடைக்கப் பூசுகிற பசை.

பிறகு வெளிப் பூச்சைக் கிளப்பினார். பழைய மரத்துக்கு மேலே மெட் என்கிற கண்ணாடி நார் விரிப்பை விரித்து, சாதாரண பைபர் போட்டுக்குப் பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசினை அடித்து, அதன்மேல் பெயின்ட். ஒரு மூலையில் உளி வைத்துத் தூக்கியதும் அப்பம் தாச்சியை விட்டுக் கழருகிற மாதிரி முழு ஓரமும் ஒரே இழுப்பில் கழன்று வந்தது. முழுக்கப் பைபரில் வார்த்த படகுக்கு அந்த ரெசின் போதும், எங்கள் கடற்கரையில் ஓடுவது எல்லாம் அதுதான். மரத்தில் அது சரியாகப் பிடிக்காது. மரத்துக்கு எபொக்சி ரெசின் வேண்டும், அதுவும் காய்ந்த மரத்துக்கு. ஈர மரத்தை மூடி அடித்தால் உள்ளே உக்கல் நிம்மதியாக வளரும். இன்னொன்றும் ஓடாவியார் சொன்னார்: மரப் படகை உக்க வைப்பது உப்புத் தண்ணியைவிட மழைத் தண்ணிதான். மூடாமல் மரத்தடியில் கிடந்த படகின் மூலைகளில் நிற்கிற மழைத் தண்ணியில்தான் பூஞ்சணம் பிடிக்கும். இந்தப் படகு ஓடிய சீசன்களைவிடக் கிடந்த மாரிகள் கூட என்று அவருக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

தகடு பிடுங்கிய இடத்தை வெட்டித் திறந்தபோதுதான் கடுதாசி வந்தது. உள்ளே கை போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் சிங்களப் பத்திரிகைத் தாள்களைச் சுருட்டித் திணித்து, ரெசின் ஊற்றி, மேலே பூட்டி இழுத்து, அந்தப் பூட்டியில்தான் ஸ்குரூ முறுக்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் பாரத்தையும் காற்றின் முழு இழுப்பையும் தாங்குகிற தகடு அது. ரெசினில் ஊறிய ஒரு தாளை மெல்லமாக விரித்தோம். ஒரு சுப்பர் மார்க்கட் விளம்பரம், அதற்கு மேலே திகதி. எங்களுக்கு விற்றதற்கு முந்தின மார்கழி. மூன்று வருசத்துக்கு முதல் பிரித்துக் கட்டிய படகுக்குள் போன மார்கழிப் பேப்பர்! அந்தத் தாளைப் படம் எடுத்து, பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. ஆறு பேர் தூக்கியும் பாரம் என்றபடியால், உடலை ஒரு நெல்லுக் களஞ்சியத்துக்கு ஏற்றிக்கொண்டு போய் மூட்டை நிறுக்கிற தராசில் வைத்தோம். களஞ்சியக்காரர் சிரிசிரியென்று சிரித்தார். 127 கிலோ. ரெசினும் பூட்டியும் ஊறிய தண்ணியும் அந்த மிச்சம். ரேஸுக்கு என்று விற்ற படகு, ஒரு மெல்லிய மூன்றாவது ஆளைச் சும்மா ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது.

பாயிலும் புழுகுதான். எல்லாவற்றையும் ஒரே அளவில் கட்டுகிற இந்த மாதிரி வகுப்புப் படகுகளுக்குப் பாயில் இருக்கிற இலக்கம் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. அதே இலக்கம் படகின் மரத்திலும் வெட்டப்பட்டிருக்க வேண்டும், அளவெடுத்த சான்றிதழிலும் இருக்க வேண்டும். எங்கள் படகில் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பூட்டி. சுரண்டினால் உள்ளே மங்கலாக இலக்கம் தெரிகிறது, பாயில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆக, எங்கேயோ கிடந்த ஒரு பாயும் எங்கேயோ கிடந்த ஒரு படகும். "அறுபதுகளில் ரேஸ் வென்றது" என்று சொன்னாரே, அது பாய் வென்றதா, படகு வென்றதா, இரண்டுமில்லையா? பாய்த் துணியும் வெயிலில் வெந்தது, தையலை நகத்தால் கீறினாலே நூல் அறுகிறது.

விற்றவரை அழைத்தோம். முதல் நாள், "நீங்க ஓட்டத் தெரியாம ஓட்டியிருப்பீங்க". இரண்டாம் முறை, "கச்சானுக்கு யார் உங்கள இறக்கச் சொன்னது?" ரேஸ் படகைக் காற்றில் இறக்காமல் வேறு எப்போது இறக்குவது? பத்திரிகைத் தாள் படத்தை அனுப்பிய பிறகு பதில் இல்லை. ஒரு கிழமை கழித்து, மனிதாபிமான அடிப்படையில் 50,000 தருவதாக ஒரு குறுஞ்செய்தி. மனிதாபிமானமாம்!

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் கேட்டபோது தெரிந்தது இது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். தையில் வாங்கிய படகு ஆனியில் அல்லவா உடைந்தது. காற்றில்லாத காலத்தில் விற்பதில் அவருக்கு இருக்கிற லாபம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், தற்செயல் என்று ஒருவரும் என்னை நம்ப வைக்க முடியாது. அதனால் மாரியில் வாங்கினாலும் சரி, வாங்கிய கிழமையே இரண்டு ஸ்டாண்டில் ஏற்றி, உள்ளே வாளி வாளியாகத் தண்ணி ஊற்றி, அடியில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். மிதக்க விட்டுப் பார்ப்பதைவிட இது நல்லாகக் காட்டிக் கொடுக்கும். சென்டர்போட் பெட்டியின் அடி, கம்பித் தகடுகள் இருக்கிற இடம், சுக்கான் கொளுவுகிற பின்பலகை, இந்த மூன்றையும் குத்திப் பார்க்க விடாதவரிடம் சதமும் கொடுக்க வேண்டாம். "முழுக்கப் புதுப்பித்தது" என்பதையும் திகதியையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி ஒப்பம் வாங்குங்கள்.

எங்கள் கரைக்கு இது புதிசும் இல்லை. சுனாமிக்குப் பிறகு வந்து குவிந்த பைபர் போட்டுகளில் எத்தனை ஒரு மாரியைக்கூடத் தாண்டவில்லை என்று நாவலடியிலோ பாலமீன்மடுவிலோ வயதான எவரிடமும் கேளுங்கள். அப்போது வெளியில் பெயின்ட் பளபளத்தது, உள்ளே மெட் ஒரு படைதான். அது இனாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இது எங்கள் காசு.

மத்தியஸ்த சபைக்குப் போட்டிருக்கிறோம். முதல் தவணைக்கு அவர் வரவில்லை, சுகவீனம் என்று கடிதம். பாய்மரமும், பாயின் அடியைப் பிடிக்கிற பூம் என்ற தண்டும் அலுமினியம், பழுதில்லை, சுக்கானும் சரி. உடலைப் பற்றிக் கேட்டதற்கு ஓடாவியார், "இதத் திருத்துறதவிடப் புதுசா ஒண்டு கட்டுற லேசு" என்கிறார். மரைன் பிளைவூட் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். வாங்க முதல் ஒரு துண்டை வெட்டிக் கொதிதண்ணியில் போட்டு அவித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், படை பிரிந்தால் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுக்கலாமாம்.

இதை இப்போது எழுதக் காரணம், போன கிழமை திருக்கோவில் பக்கம் இருந்து ஒரு தம்பி எனக்கு ஒரு படம் அனுப்பி, "அண்ணன், இது நல்ல போட்டா?" என்று கேட்டதுதான். இந்த முறை ஜி.பி.14 என்ற வகைப் பாய்மரப் படகு. அதுவும் ஜாக் ஹோல்ட் வரைந்தது, 1949, பாயில் கறுப்பு மணிச் சின்னம். அதே கொட்டகை, அதே நீலத் தறப்பாள். புரட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டானாம், பெயின்ட் இன்னும் காயவில்லையாம். கேட்கிற விலை எங்களுடையதைவிட அதிகம். அவன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வேறு யாருக்காவது இந்தப் படம் வந்திருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பத்திரிகைத் தாளின் படத்தை அனுப்புகிறேன், கொழும்பு நண்பரும் ஸ்குரூ டிரைவரோடு உங்களுடன் வரத் தயாராக இருக்கிறார்.