லோடாஷின் ஆர்டர்பை: எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது

ஆப்ஜெக்ட்கள் அடங்கிய ஓர் அணியை (அரே) அவற்றின் பண்புகளின்படி வரிசைப்படுத்த ஜாவாஸ்கிரிப்டிலேயே சார்ட் இருக்கும்போது, லோடாஷ் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் துணைநிரல் நூலகத்தின் ஆர்டர்பை ஃபங்ஷன் இன்னும் தேவைதானா என்ற ஐயத்துடனேயே அதைப் பயன்படுத்தத் தொடங்கினேன். பணியாளர் பட்டியலைத் துறைவாரியாக ஏறுமுகத்திலும், ஒரே துறைக்குள் ஊதியத்தின்படி இறங்குமுகத்திலும் அடுக்க வேண்டியிருந்தபோது அந்த ஐயம் நீங்கியது. பண்புகளின் பெயர்களை ஓர் அணியாகவும், திசைகளை மற்றோர் அணியாகவும் கொடுத்தால் போதும். நிரலைப் படிப்பவருக்கு நோக்கம் உடனே விளங்கிவிடுகிறது. சார்ட்டில் இதற்கு ஒப்பீட்டு ஃபங்ஷனை நாமே எழுத வேண்டும். அது எதிர்ம எண், சுழியம், நேர்ம எண் ஆகிய மூன்றையும் உரிய இடத்தில் தர வேண்டியிருக்க, 'பெரியதா' என்று மட்டும் கேட்டு உண்மை, பொய் என்ற விடையைத் திருப்பி அனுப்பும் பிழையைப் பலருடைய நிரல்களில் கண்டிருக்கிறேன்.

ஆர்டர்பை மூல அணியைத் தொடாமல் புதிய அணியைத் தருவதும், சமமான உறுப்புகளின் முந்தைய வரிசையைக் காப்பதும் ஒருகாலத்தில் பெரிய அனுகூலங்கள். ஜாவாஸ்கிரிப்டின் 2019ஆம் ஆண்டுத் தரவரையறை சார்ட்டுக்கும் அந்த நிலைத்தன்மையைக் கட்டாயமாக்கியது; 2023இல், மூல அணியை மாற்றாமல் வரிசைப்படுத்தும் டுசார்ட்டட் வந்தபின் புதிய அணிக்காக மட்டும் லோடாஷை நாட வேண்டியதில்லை.

குறைகளில் முதலாவது, விடுபட்ட மதிப்புகளைப் பற்றியது. ஏறுமுகத்தில் அவை கடைசியில் நிற்கின்றன; இறங்குமுகத்திலோ முழு வரிசையும் தலைகீழாவதால், ஊதியமே பதிவாகாத பணியாளர் பட்டியலின் உச்சியில் வந்து அமர்கிறார். அறிக்கையைப் பார்ப்பவர் இதைப் பிழை என்றே கருதுவார், அது நியாயமும்கூட.

இரண்டாவது குறையே என்னை அதிகம் வருத்தியது. ஆர்டர்பை எழுத்துகளை, யூனிகோட் அட்டவணை ஒவ்வோர் எழுத்துக்கும் தரும் எண்ணின்படி மட்டுமே ஒப்பிடுகிறது. அந்த அட்டவணையில் றகரம் ரகரத்தை அடுத்தே இருப்பதால், கலா, கவிதா, கற்பகம் என்று வர வேண்டிய பெயர்கள் கற்பகம், கலா, கவிதா என்று மாறிவிடுகின்றன. இதைத் திருத்த ஒப்பீட்டு ஃபங்ஷனைக் கொடுக்கவும் அதில் வழியில்லை. ஆகவே எண்களுக்கும் தேதிகளுக்கும் ஆர்டர்பையை வைத்துக்கொண்டு, பெயர்ப் பட்டியல்களைச் சார்ட்டுக்கே மாற்றிவிட்டேன். அங்கே, மொழியின் அகரவரிசைப்படி ஒப்பிடும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான இன்டல் கொலேட்டரைத் தமிழுக்காக ஒருமுறை மட்டும் உருவாக்கி, அதன் ஒப்பீட்டையே எல்லா இடங்களிலும் பயன்படுத்துகிறேன்.