கம்பம் பன்னீர் திராட்சை: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

கடையில் கருப்புத் திராட்சை என்று கேட்டால் முற்றிலும் வேறான இரண்டு பழங்கள் கிடைக்கும். மகாராஷ்டிரத்திலிருந்து வரும் ஷரத் சீட்லெஸ் சற்று நீளமானது, கடித்தால் நறுக்கென்று இருக்கும், கொட்டை இல்லை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் உருண்டையானது, மெல்லிய தோல், சாறு நிறைந்த சதை, கொட்டை உண்டு. வாயில் போட்டதும் ரோஜா வாசம் மூக்குக்கு ஏறும். மணத்தில் இதற்கு ஈடான பழம் நம் சந்தையில் இல்லை. உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம் இதுதான். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெங்களூர் ப்ளூ என்ற இன்னொரு திராட்சை ரகமும் ஏறத்தாழ இதே நிறம்தான். பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள்: தடித்த தோலிலிருந்து சதை தனியாக வழுக்கி வந்தால் அது பன்னீர் அல்ல.

பன்னீரில் அடிக்கடி ஏமாற்றுவது நிறம். இனிப்பு ஏறுவதற்கு முன்பே தோல் கருத்துவிடும். பறித்த பிறகு திராட்சை பழுக்காது, ஆகவே புளித்த குலையை வீட்டில் வைத்திருந்தும் பயனில்லை. குலையின் தோள்பகுதி முதலில் இனிக்கும், நுனி கடைசியில்தான். கடைக்காரர் மேலிருந்து ஒன்றைக் கிள்ளிக் கொடுப்பார். நீங்கள் நுனிப் பழத்தைக் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். அது இனித்தால் முழுக் குலையும் இனிக்கும். இடையிடையே செம்பழுப்புப் பழங்கள் தெரிந்தால் சீக்கிரம் அறுத்துவிட்டார்கள் என்று பொருள்.

அடுத்து காம்பு. பச்சையாக, வளைந்து கொடுத்தால் புதிது. பழுப்பேறி ஒடிந்தால் நாளாகிவிட்டது. குலையை லேசாக உதறும்போது நாலைந்து பழம் கொட்டினால் விட்டுவிடலாம். மழைக்குப் பின் வரும் சரக்கில் தோல் வெடித்திருக்கும், ஏனென்றால் வேர் திடீரென்று இழுக்கும் நீரை மெல்லிய தோல் தாங்காது. வெடிப்பு விழுந்த ஒரு பழம் பக்கத்துப் பழங்களையும் கெடுக்கும்.

பழத்தின் மேல் சீராகப் படர்ந்திருக்கும் வெள்ளை மாவு இயற்கையான மெழுகு, புதுசுக்கு அடையாளம். துளித்துளியாகக் காய்ந்த கறை என்றால் அது தெளித்த மருந்து. எதுவானாலும் கழுவாமல் துளையுள்ள டப்பாவில், தாளை விரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள்; சாப்பிடும் நேரத்தில் ஓடும் தண்ணீரில் அலசினால் போதும். பன்னீர் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் வைத்தால் மணம் போய்விடும்.

ஜூஸுக்கு இதைவிட நல்ல திராட்சை கிடையாது, ஆனால் மிக்ஸி மட்டும் வேண்டாம். கொட்டை உடைந்தால் துவர்ப்பு இறங்கிவிடும். 1 கிலோ பழத்தை உதிர்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, சிறு தீயில் தோல் வெடிக்கும்வரை மட்டும் சூடாக்கி, மத்தால் மசித்து வடிகட்டுங்கள். நிறம் முழுவதும் தோலில்தான் இருக்கிறது, அந்தச் சூட்டில்தான் அது சாறில் இறங்கும். ஆறிய பிறகு சர்க்கரை.

குழந்தைகளின் டிபன் பாக்ஸுக்கு, ஃப்ரூட் சாலடுக்கு, பயணத்துக்கு இது சரிப்படாது. கொட்டை தொந்தரவு, தோலும் கசங்கும். அதற்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை வரும் நாசிக்கின் பச்சைத் திராட்சையான தாம்சன் சீட்லெஸ் எடுங்கள், சிறு குழந்தைகளுக்கு நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். தாம்சனில் அளவுக்கு மீறிப் பருத்த பழம் வேண்டாம். பருமனுக்காக ஜிப்பரெல்லிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் தோல் தடித்து, இனிப்பு மட்டுப்படும். பச்சையைவிட லேசாக மஞ்சள் தட்டிய, நடுத்தரப் பருமனுள்ள குலைதான் இனிக்கும்.