நோர்டிக் ஃபோக்போட்டின் ஓக் ஏரா: பல பருவங்களுக்குப் பின் எது நின்றது, எது போனது

1942-இல் ஸ்வீடனில் பிறந்த ஃபோக்போட் ஏழரை மீட்டருக்குச் சற்று நீளமான பாய்ப்படகு. மொத்த எடை இரண்டு டன்னை நெருங்கும். அதில் ஏறக்குறையப் பாதி அடியில் இருக்கும் வார்ப்பிரும்பு. அதை ஓக் ஏராவோடு, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரத்தோடு, பிடித்திருப்பவை சில போல்ட்டுகள்தான். பழைய படகு வாங்குபவர்கள் ஏராவைத் தட்டிப் பார்ப்பார்கள், போல்ட்டை மறந்துவிடுவார்கள்.

கெடுதல் தொடங்குவது அங்கேதான். ஓக் மரத்தில் இயல்பாக உள்ள டானின் என்ற அமிலப் பொருள் இரும்பை அரிக்கும். துரு திரும்ப மரத்தைக் கருக்கி மென்மையாக்கும். தலையும் நட்டும் பளிச்சென்று இருக்கும், மரமும் இரும்பும் சேரும் இடத்தில் போல்ட் மட்டும் இடுப்பு சிறுத்திருக்கும். ஆகவே சில ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றிரண்டையாவது உருவிப் பார்க்க வேண்டும். விட்டத்தில் கால்பங்கு தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) எஃகு போதும். இரும்புக்குப் பக்கத்தில் வெண்கலம் போட்டால் உப்புநீரில் இரும்புதான் கரையும்.

மரத்துக்கும் இரும்புக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு பிட்டுமன் மாஸ்டிக் (தார் போன்ற மென்மையான அடைப்புப் பசை) நன்றாக நின்றது. வலுவான பாலியூரித்தேன் பசையும் நீரை விடவில்லை. ஆனால் அடுத்த முறை கழற்றும்போது ஓக்கின் நாரையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. நட்டைக் கரையில் முழு பலத்தோடு முறுக்க வேண்டாம். மரம் ஊறி உப்பிய பிறகு வாஷர் உள்ளே அமுங்கிவிடும்.

எபாக்சி (கலந்ததும் கல்லாக இறுகும் பிசின்) எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று விற்பவர் சொல்வதில் பாதி சரி. சுத்தமாகத் தேய்த்த வார்ப்பிரும்புக்கு அதுதான் சிறந்தது: துரு பூக்கும் முன் அன்றே முதல் பூச்சு, பிறகு நான்கைந்து. செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட் அதன் மேல்தான் வர வேண்டும். ஏராவின் விரிசலில் மட்டும் ஊற்றக் கூடாது. உலர்ந்த மரத்தில் கல்லாக இறுகிய எபாக்சி, மரம் உப்பும்போது பக்கத்தில் புதிய பிளவை உண்டாக்கும். அங்கே மென்மையான புட்டிதான் சரி.

மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தானே கரைந்து அதைக் காக்கும் துத்தநாகக் கட்டி கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நினைப்பு தவறு. அளவு மீறினால் பாதுகாக்கப்படும் உலோகத்தைச் சுற்றி காரம் சேரும். வெள்ளைப் பொடி பூத்து, மரம் பஞ்சாக நார் நாராக உரியும். பொடி தெரிந்ததும் நன்னீரில் கழுவி, நீர்த்த வினிகர் தடவிவிட்டு, கட்டிகளைக் குறைக்க வேண்டும்.

உளுத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கடல்நீர் அல்ல, மேல்தளத்தில் கசிந்து ஏராவின் மேல் தேங்கும் மழைநீர். குளிர்காலத்தில் தார்ப்பாலினின் இரு முனையும் திறந்திருக்கட்டும்; உள்ளே தரைப்பலகைகளை எடுத்து வெளியே வைக்க வேண்டும்.