உரிமைத் தொகைக்குத் திரும்ப எழுதித் தர்றேன்னு ரேகை வைக்கச் சொன்னா, எந்திரிச்சு வந்துருங்க

மதுரையில இருந்து உசிலம்பட்டி போற ரோட்டுல, செக்கானூரணி தாண்டி அம்மா, அத்தை, அப்பத்தான்னு யாராவது உங்களுக்கு இருந்தா இதைக் கட்டாயம் படிங்க. மகளிர் உரிமைத் தொகைக்குத் திரும்ப விண்ணப்பிச்சுத் தர்றேன்னு சொன்ன ஒரு ஆன்லைன் சென்டர்க்காரர், எங்க அத்தையோட நூறு நாள் வேலைக் கூலிய எடுத்துட்டாரு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னுதான் நானும் முதல்ல கேட்டேன்.

2023-ல போட்ட முதல் மனு தள்ளுபடி. வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல கரண்டு ஓடுற வீட்டுக்குக் கிடையாதுன்னு விதி. அத்தை வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் ஒரே மீட்டர், மகன் மாவு அரைச்சு விக்கிறவரு, யூனிட்டு எங்க நிக்கும்? மெசேஜ் வந்து 30 நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணிருக்கணும். அந்த மெசேஜ் பட்டன் போன்ல பிரிக்காமலே கிடந்துச்சு. அப்புறம் தனி மீட்டர் வாங்கி, 2025 ஜூலையில ஆரம்பிச்ச ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம் ஊர்ப்பக்கம் வந்தப்ப மறுபடி மனு குடுத்தாங்க. ஃபாரத்துக்குக் காசு கிடையாது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், கரண்டு பில், அவ்வளவுதான் கேட்டாங்க. ஒப்புகைச் சீட்டும் கைக்கு வந்துச்சு.

45 நாள்ல பதில்னு சொன்னாங்க. அது தாண்டியும் ஒரு தகவலும் இல்ல. என்னைக் கேட்டா, இந்த மாதிரி ஆளுங்க பொழப்பே அந்த இடைவெளியிலதான் நடக்குது. ஆச்சு, இல்ல, பாத்துக்கிட்டு இருக்கோம்னு ஒரு வரி மெசேஜ் வந்திருந்தா அத்தை அந்தக் கடைப் படியேறிருக்கவே மாட்டாங்க.

பஸ் ஸ்டாப் பக்கம் ஜெராக்ஸ், ரீசார்ஜ், பணம் எடுக்குறது எல்லாம் ஒண்ணா நடக்குற கடை. உள்ள அரசுத் திட்டங்களோட போஸ்டரா ஒட்டிருக்கும், பாக்குறவங்க இ-சேவை மையம்னே நெனைப்பாங்க. கம்ப்யூட்டர்ல என்னத்தையோ தட்டிட்டு அவரு சொன்னது: “யக்கா, உங்க மனு நிக்குது. ஆதாரும் பேங்கும் சேரல. திரும்ப விண்ணப்பிச்சாத்தான் உண்டு.” 500 ரூபா வாங்கிக்கிட்டு, சின்ன மெஷின்ல பெருவிரலை வைக்கச் சொல்லிருக்காரு. அத்தைக்குக் காலம்பூரா காட்டு வேலை, ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. ரேஷன் கடையிலயே நாலு விரலையும் மாத்தி மாத்தி வச்சாத்தான் ஒண்ணு விழும். அதனால “விழல, துடைச்சுட்டு இன்னொருக்கா வைங்க”ன்னு அவரு சொல்லச் சொல்ல, அத்தையும் முந்தானையில துடைச்சுத் துடைச்சு வச்சுருக்காங்க. போன்ல வந்த ஓடிபியையும் அவரே வாங்கிப் பாத்துக்கிட்டாரு.

கையில ஒரு சீட்டைக் குடுத்து அனுப்பிருக்காரு. அதை நான் அப்புறம் பாத்தேன். கோபுரச் சின்னம் ஜெராக்ஸுக்கு மேல ஜெராக்ஸ் எடுத்து மங்கிப் போயிருக்கு. விண்ணப்ப எண்ணுன்னு போட்ட இடத்துல இருக்கிறது அத்தையோட ரேஷன் கார்டு நம்பர். கீழ கடையோட ரப்பர் ஸ்டாம்பு.

கொஞ்ச நாள் கழிச்சு அவரே போன் பண்ணிருக்காரு. “ரேகை சரியா ஏறலக்கா, வந்து வச்சுட்டுப் போங்க.” அத்தையும் போய் வச்சுட்டு வந்துட்டாங்க.

அந்த வாரம் ஊர்ல எல்லாருக்கும் நூறு நாள் கூலி ஏறிருச்சு, அத்தைக்கு மட்டும் இல்ல. (2025-ல ஒரு நாளைக்கு 336 ரூபான்னு சொன்னாங்க, வேலையை அளந்து பாத்து அதுக்குக் கீழதான் வரும், அது தனிக் கதை.) பேங்க்ல பாஸ்புக்கு வரவு இல்லாமத் திரும்பி வந்துச்சு. பணித்தளப் பொறுப்பாளர் அம்மா, “உங்களுக்கு ஏறிருச்சே”ங்கிறாங்க. அப்பத்தான் அத்தை எனக்குப் போன் பண்ணாங்க: “மருமகனே, எனக்கு மட்டும் காசு வரலப்பா.”

ஆதார் இணையதளத்துல நம்பர் போட்டு, ஓடிபி வாங்கி உள்ள போனா, ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’னு ஒண்ணு இருக்கு. நம்ம ஆதார் இப்ப எந்த பேங்க்கோட சேந்திருக்குன்னு அதுல தெரியும். அத்தை பேரே கேள்விப்படாத ஒரு பேமென்ட்ஸ் பேங்க் அதுல நின்னுச்சு. சேத்த தேதி அந்தக் கடைக்கு முதல்ல போன தேதி.

அப்புறம்தான் எனக்கு முழுசும் புரிஞ்சது. முதல் நாள் வச்ச ரேகையில அத்தை பேர்ல புதுக் கணக்குத் திறந்து, ஆதாரை அதுக்கு மாத்திட்டாரு. நூறு நாள் கூலி 2024 ஜனவரியில இருந்து ஆதார் வழியாத்தான் போகுது, கடைசியா எந்தக் கணக்கு சேந்திருக்கோ அங்கதான் விழும். அந்தக் கணக்குக்குக் குடுத்த போன் நம்பர் கடைக்காரரோடது. கூலி ஏறின மெசேஜ் அவருக்குப் போயிருக்கு. உடனே “ரேகை சரியா ஏறல”ன்னு போன். ரெண்டாவது தடவை அத்தை வச்ச ரேகை எந்த விண்ணப்பத்துக்கும் இல்ல, பணம் எடுக்குறதுக்கு. தன் கூலிய அடுத்தவன் எடுக்க, அத்தையே பஸ் ஏறிப் போய் விரல் வச்சுட்டு வந்திருக்காங்க. எனக்கு வயிறு எரிஞ்சதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

இதுல இன்னொண்ணு. தாலுகா ஆபீஸ்ல விசாரிச்சா, முகாம்ல குடுத்த மனு உயிரோடதான் இருக்கு, ஆய்வு நடக்குதுங்கிறாங்க. திரும்ப விண்ணப்பிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்ல.

கடைக்காரர்கிட்ட கேட்டதுக்கு, “நான் ஏஜென்டுதான் சார், பேங்க்ல கேளுங்க”ன்னாரு. 1930-க்குப் போன் போட்டு சைபர் கிரைம்ல புகார் பதிவாச்சுன்னு காட்டினதும் கூலிக் காசு, நாலாயிரத்துச் சொச்சம், எண்ணி வச்சாரு. அந்த 500-ஐ மட்டும் தரல, அது ‘சர்வீஸ் சார்ஜ்’ஜாம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் மனு குடுத்திருக்கோம். காசு திரும்பி வந்துருச்சுல்ல, விட்டுருங்கன்னு ஊர்ல சில பேர் சொன்னாங்க. அந்தக் கடையில அன்னைக்கு அத்தைக்குப் பின்னாடியே வரிசையில பொம்பளைங்க நின்னிருக்காங்க, எப்படி விட முடியும்?

உங்க வீட்டுல யாராவது இப்படி எங்கயாவது ரேகை வச்சிருந்தா, முதல்ல அந்த சீடிங் ஸ்டேட்டஸைப் பாருங்க. தெரியாத பேங்க் பேரு வந்தா, பழைய பேங்க்குக்குப் போய் ஆதாரைத் திரும்பச் சேக்கச் சொல்லி எழுதிக் குடுக்கணும். உடனே மாறாது, விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும். புதுக் கணக்கை மூடச் சொல்லி அந்த பேங்க்குக்கும் தனியா எழுதணும். பணம் போயிருந்தா நாள் கடத்தாம 1930. மனு என்னாச்சுன்னு தெரியணும்னா ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கிட்டு தாலுகா ஆபீஸ் போங்க, இல்ல முதல்வர் உதவி எண் 1100-க்குக் கூப்பிடுங்க. ரெண்டுக்கும் ரேகை தேவையில்ல.

ஆதார் இணையதளத்துலயே ரேகையைப் பூட்டி வைக்கவும் வழி இருக்கு. பூட்டிட்டா ரேகை வச்சு யாரும் பணம் எடுக்க முடியாது. ஆனா ரேஷன் கடையிலயும் விரல் எடுக்காது, சாமான் வாங்கப் போறப்ப திறந்து விடணும். அத்தைக்கு எழுத்து வராது, நம்பர் மட்டும் வாசிப்பாங்க. சீனி, அரிசி போடுற அன்னைக்குக் காலையிலயே போன் வந்துரும், அவங்க ஓடிபியை ஒவ்வொரு நம்பரா சொல்ல, நான் இங்க இருந்து திறந்து விடுறேன்.