9 மி.மீ. தோட்டா: தட்டுப்பாட்டு ஆண்டுகளில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது

2019-இல் அமெரிக்கக் கடைகளில் 115 கிரெய்ன் (குண்டின் எடை) 9 மி.மீ. பயிற்சித் தோட்டா ஒன்று 16 முதல் 20 சென்ட். 2021 தொடக்கத்தில் அதுவே 70 சென்ட்டைத் தாண்டி ஒரு டாலரைத் தொட்டது. அந்த விலைக்கும் ‘ஒரு ஆளுக்கு இரண்டு பெட்டி’ என்று அளந்துதான் கொடுத்தார்கள். 2024-இல் 22–25 சென்ட்டுக்கு இறங்கியது. பழைய விலையை இனி எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

இந்தத் தட்டுப்பாட்டுக்குப் பதுக்கல்தான் காரணம் என்று சொல்வது பாதி உண்மை. துப்பாக்கி விற்பனையை ஒட்டி எஃப்.பி.ஐ. செய்த பின்னணிச் சோதனைகள் 2019-இல் 2.84 கோடி, 2020-இல் 3.97 கோடி. புதிதாக வாங்கியவர் ஆளுக்கு இரண்டு பெட்டி எடுத்தாலே அலமாரி காலி. 2020 ஜூலையில் தோட்டா தயாரிக்கும் ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. ஆனால் உண்மையான முடிச்சு ப்ரைமர். தோட்டாவின் அடியில் இருக்கும் அந்தச் சின்னக் கிண்ணத்தை அமெரிக்காவில் பெரிய அளவில் செய்வது நாலைந்து ஆலைகள்தான். ஈயமும் பித்தளையும் கூடுதலாக வாங்கிவிடலாம். அடிபட்டால் வெடிக்கும் கலவையைக் கையாளும் கூடத்தை ஒரே வருடத்தில் இரட்டிப்பாக்க முடியாது. 2021 செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதியும் நின்றது.

வாங்கும்போது பெட்டி விலையைப் பார்க்காதீர்கள். விலை, வரி, அனுப்பும் செலவு மூன்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுங்கள். 200 தோட்டாவுக்கு 15 டாலர் கூரியர் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 7.5 சென்ட் ஏறுகிறது. ஆயிரம் தோட்டா உள்ள கேஸுக்கு 20 டாலர் ஆனாலும் 2 சென்ட்தான். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் 11 சதவீத மாநில வரி தனி. சந்தை அமைதியாக இருக்கும் மாதங்களில் ஒரே அளவாக வாங்கிவருவதுதான் வேலை செய்த ஒரே வழி. தேர்தல் ஆண்டின் அக்டோபரில் கடைக்கு ஓடுவது தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளி எடுப்பது போல.

அடுத்து, எஃகுக் கூடு, அதாவது வெடிமருந்தை அடைக்கும் உறை பித்தளைக்குப் பதில் எஃகில் செய்யப்பட்ட தோட்டா. தட்டுப்பாட்டில் பலர் இதற்குத்தான் மாறினார்கள். சுடும்போது பித்தளை விரிந்து சேம்பரை (தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியை) அடைத்துக்கொள்ளும், பிறகு சுருங்கும். எஃகுக்கு அந்த நெகிழ்வு குறைவு. இடுக்கு வழியாகக் கரி பின்னால் வந்து சேம்பரில் படிகிறது. கூட்டின் மேல்பூச்சு உருகி ஒட்டுகிறது என்று பலகாலமாகச் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம், ஒட்டவைப்பது கரிதான். அதனால் எஃகு சுட்டுக்கொண்டே இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. அதே அமர்வில் பித்தளைக்கு மாறும்போது, விரிந்த கூடு கரியில் பிடித்துக்கொண்டு வெளியே வர மறுக்கும். இரண்டுக்கும் நடுவே சேம்பரை பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டால் போதும். எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) தேய்மானம் பிஸ்டலில் பெரிய செலவில்லை. ரைஃபிளில் கவனம் வேண்டும்: குண்டின் உறையிலும் எஃகு இருந்தால் குழல் சீக்கிரம் தேயும். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உள்ளரங்க ரேஞ்சுகள் (சுடும் பயிற்சிக் கூடங்கள்) பலவற்றில் அனுமதி இல்லை. இப்போது பித்தளையோடு விலை வித்தியாசம் சுருங்கிவிட்டதால், இதைத் தேடிப்போய் வாங்கச் சொல்லமாட்டோம்.

‘ரீமேன்’ என்று பிளாஸ்டிக் பையில் வரும் மறுநிரப்பல் தோட்டா (சுட்ட கூட்டில் மறுபடி நிரப்பியது) வேண்டவே வேண்டாம். ப்ரைமர் மேலே துருத்திக்கொண்டிருப்பது, குண்டு தளர்வாக இருப்பது, மருந்தே இல்லாமல் இருப்பது, மூன்றும் நடக்கும். ‘டப்’ என்று அமுங்கின சத்தம் கேட்டால், குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். நிறுத்தி, மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, பிஸ்டலைப் பிரித்துக் குழலைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

வீட்டிலேயே மறுநிரப்புவதைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வைக்கிறார்கள். 2024 விலையில் கணக்குப் போடுங்கள்: குண்டு 9–10 சென்ட், ப்ரைமர் 7–8, மருந்து சுமார் 3, கூடு இலவசம் என்றே வைத்தாலும் 20 சென்ட். கடையில் 23. ஆயிரம் தோட்டாவுக்கு மிச்சம் 30 டாலர். ப்ரைமரையும் மருந்தையும் வீட்டுக்கு அனுப்பச் சேரும் அபாயப் பொருள் கட்டணம் அதைத் தின்றுவிடும். முக்கியமாக, தட்டுப்பாடு வந்தால் முதலில் காணாமல் போவதே ப்ரைமர். 2020-க்கு முன் ஆயிரம் 30–35 டாலர் விற்றது பின்னால் மூன்று நான்கு மடங்குக்குப் போனது. விலை உயர்ந்த ரைஃபிள் தோட்டாக்களுக்கு மறுநிரப்பல் நியாயம், 9 மி.மீ.க்கு அது பொழுதுபோக்கு.

பயிற்சியைப் பாதியளவு .22 என்ற சிறிய தோட்டாவுக்கு மாற்றியது நன்றாகப் பலித்தது. குறை: ப்ரைமர் கலவை கூட்டின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்படுவதால், சில இடங்களில் விட்டுப்போய் வெடிக்காமல் போகும். மலிவான மொத்தப் பெட்டிகளில் இது அதிகம். அரைத் தானியங்கிப் பிஸ்டலுக்கு வேகம் கூடிய 40 கிரெய்ன் வேண்டும். மெதுவான வகை ஸ்லைடை (பின்னால் நகரும் மேல்பகுதியை) முழுதாகத் தள்ளாது. 2013 தட்டுப்பாட்டில் கடைசியாக அலமாரிக்குத் திரும்பியது .22 என்பதையும் மறக்கக் கூடாது.

செலவே இல்லாதது வெற்றுப் பயிற்சி, அதாவது தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவது. தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பரை இரண்டு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். .22-இல் போலித் தோட்டா போடாமல் செய்தால் சுடும் ஊசி சேம்பர் விளிம்பில் அடித்துப் பள்ளம் விழும்.

சேமிப்பில் சொல்ல அதிகமில்லை: ரப்பர் வளையம் உள்ள உலோகப் பெட்டி, ஒரு சிலிக்கா ஜெல் பை, சூடேறாத அறை, பூட்டு. அட்டைப் பெட்டியைக் கிழித்து எறியாதீர்கள். நிறுவனம் திரும்பப் பெறும்போது அதில் இருக்கும் லாட் எண்தான் (தயாரிப்புத் தொகுதியின் எண்) கேட்பார்கள். தற்காப்புக்கு வைத்திருக்கும் பிஸ்டலில், தினமும் எடுத்து மறுபடி ஏற்றும் முதல் தோட்டாவின் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கும். அமுங்கினால் அழுத்தம் எகிறும். அதே பெட்டியின் புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்குக் குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுட வேண்டாம், ரேஞ்சில் பழுதுத் தோட்டா போடும் வாளியில் போட்டுவிடுங்கள்.