டைலைத் தூக்கிப் பார்க்காமல் ஃபால்ஸ் சீலிங்குக்குக் கடைசித் தவணை கொடுக்காதீர்கள்

பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், சங்கக் கட்டடம் என்று பலர் கூடும் இடத்துக்கு ஃபால்ஸ் சீலிங் (கான்கிரீட் தளத்திலிருந்து கம்பியில் தொங்கும் சட்டத்தில் டைல் பலகைகளை மாட்டிய போலிக் கூரை) போடும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால், இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டெல்லியில் நாங்கள் நடத்தும் சிறிய சங்கத்தின் கூடத்துக்குச் சீலிங் போட்டதில் ஏமாந்துபோனோம். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு மாதம் அதன் கீழே குழந்தைகளை உட்கார வைத்திருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

கூடம் 60 அடி நீளம், 40 அடி அகலம். டெல்லி நிலநடுக்க அபாயம் அதிகமான நான்காம் மண்டலத்தைச் சேர்ந்தது. அதனால், நிலநடுக்கம் தாங்கும் முறையில்தான் சீலிங்கைத் தொங்கவிட வேண்டும் என்று செயற்குழுவில் வற்புறுத்தியவன் நான்.

விலைப்பட்டியலோடு வந்த சீலிங் நிறுவனத்தின் பிரதிநிதி மடிக்கணினியில் படங்களைக் காட்டினார். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானை உலுக்கிய நிலநடுக்கத்தில், டோக்கியோவின் குடான் கைக்கான் அரங்கில் பட்டமளிப்பு விழா நடந்துகொண்டிருந்தது. நிலநடுக்க மையம் 300 கிலோமீட்டருக்கும் அப்பால். கட்டடம் நின்றது, சீலிங் மட்டும் கூட்டத்தின் மேல் விழுந்தது. இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 6 மீட்டருக்கு மேல் உயரமும் 200 சதுர மீட்டருக்கு மேல் பரப்பும் சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட சீலிங்குகளுக்கு 2014இல் ஜப்பான் தனி விதிகளை நடைமுறைப்படுத்தியது. அவர் சொன்ன இத்தனையும் உண்மை. அந்த இருவரின் சாவைச் சொல்லி எங்களிடம் வேலையை வாங்கினார்கள் என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அமெரிக்கத் தர விதிப்படி செய்வதாக எழுதிக் கொடுத்தார்கள். 4 அடிக்கு ஒன்றாக 12 கேஜ் தடிமனுள்ள தொங்கு கம்பிகள். பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்க 15 இடங்களில் தாங்கு அமைப்பு. ஒவ்வொன்றிலும் நான்கு திசையிலும் 45 பாகையில் சாய்த்துக் கட்டிய கம்பிகள், நடுவில் சீலிங் மேலெழும்பாமல் அழுத்திப் பிடிக்க ஒரு செங்குத்துக் குழாய். விளக்குக்கும் ஏசி காற்று வரும் வாய்க்கும் தனிக் கம்பி. இவற்றுக்காகச் சதுர அடிக்கு 45 ரூபாய் கூடுதல். மொத்தம் 1,08,000 ரூபாய்.

சுவர் ஓரத்தைப் பற்றியும் அவர்கள் எழுதிக் கொடுத்ததில் இருந்தது. தொங்கும் சீலிங் ஊஞ்சல் மாதிரி. தரை அதிரும்போது சுவர் ஒரு விதமாகவும் சீலிங் வேறு விதமாகவும் ஆடும். நான்கு பக்கமும் சுவரோடு இறுக்கினால் ரன்னர்கள் என்னும் நீளச் சட்டங்கள் நசுங்கும், குறுக்குச் சட்டங்கள் கழன்றுகொள்ளும். அதனால் அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் மட்டும் பிணைத்து, மற்ற இரண்டில் முக்கால் அங்குலம் இடைவெளி விட வேண்டும். அந்தப் பக்கம் விளிம்பு நகர்ந்தாலும் கீழே நழுவாதபடி, அதைத் தாங்கச் சுவரில் அடிக்கும் L வடிவ ஓர ஆங்கிள் 2 அங்குல அகலம் இருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 17, திங்கள், காலை 5.36. டெல்லியின் தௌலா குவான் பக்கம் மையம் கொண்டு 4.0 அளவில் பூமி அதிர்ந்தது. அளவில் சிறியதுதான், ஆனால் ஆழம் குறைவு என்பதால் நகரமே விழித்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் காவலாளி தொலைபேசியில் அழைத்தார். போய்ப் பார்த்தால், மேடையை ஒட்டி நான்கு டைல்கள் தரையில் உடைந்து கிடந்தன. ஒரு எல்இடி விளக்கு மின்கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நேரே அதன் கீழே, முந்தைய நாள் மாலை பாட்டு வகுப்புக்கு விரித்த ஜமக்காளம் சுருட்டப்படாமல் கிடந்தது.

எங்கள் எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி, டைலை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "சார், நீங்களே ஏறிப் பாருங்கள்" என்றார். ஏறினேன். 15 தாங்கு அமைப்புகளில் ஒன்றுகூட இல்லை. 12 கேஜ் என்றால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். அங்கே இருந்தது சென்ட்ரிங் வேலையில் இரும்பு கட்டும் கட்டுக்கம்பி. மூன்று சுற்று முறுக்கவேண்டிய இடத்தில் ஒரே சுற்று. சில கம்பிகள் கான்கிரீட்டைத் தொடவே இல்லை. ஏசி குழாயைத் தாங்கும் பட்டையில் கட்டியிருந்தார்கள். நான்கு சுவரிலும் சட்டத்தை ரிவெட் அடித்து இறுக்கியிருந்தது. ஓர ஆங்கிள் ஒரு அங்குலம்கூட இல்லை.

அப்படியானால் பில்லோடு கொடுத்த புகைப்படங்கள்? வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். தாங்கு அமைப்புகளுக்குப் பின்னால் சிவப்பு வண்ணத்தில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்கள் ஓடின. எங்கள் கூடத்தில் அந்தக் குழாய்களே கிடையாது. யாருடைய கட்டடத்தையோ படம் எடுத்து எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட செயற்குழு அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கடைசித் தவணையை விடுவித்தோம். ஆய்வகச் சான்றிதழையும் அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். அது டைல் தீயைத் தாங்குவதற்கானது. அதைத் தொங்கவிட்ட வேலைக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

நிறுவனத்தைக் கேட்டபோது, நிலநடுக்கம் இயற்கைச் சீற்றம், அது உத்தரவாதத்தில் வராது என்று கடிதம் அனுப்பினார்கள். நிலநடுக்கத்துக்கென்றே தனியாக லட்சம் ரூபாய் வாங்கியவர்கள் எழுதிய கடிதம் இது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. இப்படி மாட்டியவர்கள் நாள் கடத்தாதீர்கள். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டைல் மாட்டுவதற்கு முன்பு, சட்டமும் கம்பியும் மட்டும் இருக்கும் நிலையில் வேலையை ஒரு நாள் நிறுத்தச் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பாத, உங்களுக்கு வேண்டிய ஒரு பொறியாளரை அழைத்து வந்து ஏணியில் ஏற்றுங்கள். கம்பியின் தடிமனை அளந்து, தாங்கு அமைப்புகளை எண்ணி, படத்தை உங்கள் கைப்பேசியிலேயே எடுங்கள். அந்த ஒரு நாளை மறுக்கும் ஒப்பந்ததாரரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. எங்கள் பக்கத்துத் தவறு அது.

பழைய சீலிங்கை முழுக்க இறக்கிவிட்டோம். பாட்டு வகுப்பு இப்போது வெறும் கான்கிரீட்டுக்குக் கீழேதான் நடக்கிறது. குரல் எதிரொலிக்கிறது என்று ஆசிரியை வருத்தப்படுகிறார். புதிய ஒப்பந்தத்தில் பொறியாளர் ஏறிப் பார்க்கும் நாளைத் தேதியோடு எழுதி வாங்கியிருக்கிறோம்.